பழைய காருக்குப் பெரிய எஞ்சின்: முன்பாரமும் இடைக்கட்டையும்

லால்குடிப் பக்கத்தில் நெல் மூட்டை ஏற்றிச் செல்லும் கட்டை வண்டிகளை நீங்கள் பார்த்திருக்கலாம். பார்க்காவிட்டால் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். மூட்டைகளை அடுக்கி முடித்ததும் வண்டிக்காரர் உடனே மாட்டைப் பூட்டிவிட மாட்டார். நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் "முன்பாரம்" என்று சொல்லி ஒரு மூட்டையைப் பின்னுக்குத் தள்ளுவார். நுகத்தடி தானாக மேலே எழும்பினால் அது பின்பாரம். மூட்டை முன்னுக்கு வரும். உயரமான மாட்டைப் பூட்டும் நாளில் இந்தக் கணக்கே மாறிவிடும். நுகம் உயர்ந்தால் வண்டி பின்னுக்குச் சாயும். சாய்ந்தால் பாரமும் பின்னுக்கு நகரும். நெம்புகோல் தத்துவத்தைப் புத்தகத்தில் படிக்காமலே நாள்தோறும் பயன்படுத்தியவர் அவர்.

இழுக்கும் மாடு மாறினால் பாரக்கணக்கும் மாறும் என்ற இந்த உண்மை, மோட்டார் காருக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் காரில் எஞ்சினை மாற்றுகிறவர்கள் பலரும் குதிரைத்திறனைக் கேட்பார்களே தவிர முன்பாரத்தைக் கேட்பதில்லை. பெரிய எஞ்சின் பேனட்டுக்குள் அடங்காவிட்டால், "நாலு இடைக்கட்டை கொடுத்துத் தூக்கிவிடலாம்" என்ற யோசனை எளிதாக வந்துவிடும். இந்த இடைக்கட்டையைப் பட்டறைகளில் ஸ்பேசர் என்பார்கள். இரண்டு செண்டிமீட்டர் உயரமுள்ள ஓர் உலோக வளையம் என்ன செய்துவிடும் என்று நீங்கள் நினைக்கலாம். அது என்ன செய்யும் என்பதை அறிய, நம் நாட்டுக் கார்களின் எஞ்சின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

ஒரே உடல், பல எஞ்சின்கள்

லால்குடியிலிருந்து கொள்ளிடத்தைக் கடந்து திருச்சிக்கு வாடகைக் காரில் சென்ற ஒரு தலைமுறைக்குக் கார் என்றாலே அம்பாசிடர்தான். அதைச் செய்தது இந்துஸ்தான் மோட்டார்ஸ். 1942-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், பின்னர் வங்காளத்தில் உத்தரபாராவில் ஆலை அமைத்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் இரண்டாம் வரிசை இங்கே லேண்ட்மாஸ்டர் ஆயிற்று; மூன்றாம் வரிசை 1957-இல் அம்பாசிடர் ஆயிற்று. அதன் பிறகு 2014 மே மாதத்தில் உற்பத்தி நிற்கும்வரை, முகப்பும் விளக்கும் மாறினவே அன்றி உடலின் அடிப்படை அமைப்பு மாறவில்லை எனலாம்.

எஞ்சின்தான் மாறிக்கொண்டே வந்தது. முதல் அம்பாசிடரில் இருந்தது 1,476 க.செ.மீ. கொள்ளளவுள்ள பழைய எஞ்சின். அதில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. 1959-இல் வால்வுகள் தலைப்பகுதியில் அமைந்த 1,489 க.செ.மீ. எஞ்சின் வந்தது. அது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி' வரிசையைச் சேர்ந்தது. 55 குதிரைத்திறன் தந்தது. 1980-ஐ ஒட்டி அதே வரிசையின் டீசல் வடிவமும் அம்பாசிடருக்குள் ஏறியது. கொள்ளளவு அதே 1,489 தான். திறன் 37 மட்டுமே. 1990-களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவன வடிவமைப்பில் 1,817 க.செ.மீ. பெட்ரோல் எஞ்சின் வந்தது. அதன் திறன் ஏறத்தாழ 75. பிறகு 1,995 க.செ.மீ. இசுசு டீசலும் வந்து சேர்ந்தது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆலை இசுசு எஞ்சினைப் பொருத்தியபோது எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு நிற்கவில்லை; ஐந்து கியர் கொண்ட புதிய கியர் பாக்ஸையும் சேர்த்தே பொருத்தியது. திறன் கூடினால் அதைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் உறுப்புகளும் அதற்கேற்ப மாற வேண்டும் அன்றோ?

இதற்கு நேர்மாறான கதை காண்டெசா. 1984-இல் அதே நிறுவனம் வெளியிட்ட அந்தக் காரின் உடல் இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் வி.எக்ஸ். காருடையது. அந்த உடலுக்கு இங்கிலாந்தில் 1,759, 2,279 க.செ.மீ. எஞ்சின்கள் இருந்தன. இங்கே முதலில் பொருத்தியதோ அம்பாசிடரின் 1,489 க.செ.மீ. எஞ்சின். பெரிய தேருக்குச் சின்ன வடம் கட்டிய கதைதான். சில ஆண்டுகளில் இசுசு எஞ்சின் வந்த பிறகே அந்தக் காருக்கு உயிர் வந்தது.

ஆலைக்கு வெளியிலும் இந்த மாற்றம் நடந்தது. பெட்ரோலைவிட டீசல் வெகுவாக மலிவாக இருந்த ஆண்டுகளில், ஊர்ப்புறப் பட்டறைகளில் பெட்ரோல் அம்பாசிடரின் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றுவது சாதாரணக் காட்சி. வாடகை வண்டி வைத்துப் பிழைப்பவருக்கு அது ஆடம்பரம் அன்று, வயிற்றுப்பாடு. 37 குதிரைத்திறன் போதாது என்று எண்ணியவர்கள் அதைவிடப் பெரிய எஞ்சினைத் தேடினார்கள். எடையும் உயரமும் பற்றிய சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

எடை எங்கே உட்காருகிறது?

டீசல் எஞ்சின் ஏன் கனக்கிறது? பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தீயை மூட்டுகிறது. டீசலில் தீப்பொறி இல்லை; காற்றை அழுத்தி, அந்த அழுத்தத்தால் பிறக்கும் சூட்டிலேயே எண்ணெயை எரிய வைக்கிறார்கள். பழைய பெட்ரோல் எஞ்சின்கள் காற்றுக் கலவையை ஏழு, எட்டு மடங்கு சுருக்கின. அக்காலச் சிறு டீசல்கள் காற்றை இருபது மடங்குக்கு மேல் சுருக்கின. அந்த அழுத்தத்தைத் தாங்கச் சிலிண்டர் கட்டு, கிராங்க் ஷாப்ட், தாங்கிகள் யாவும் தடித்திருக்க வேண்டும். தடிமன் என்றால் எடை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பாசிடரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2,464 மி.மீ. தூரம். புதிய எஞ்சின் பழையதைவிட 40 கி.கி. கூடுதல் என்று கொள்வோம். அந்தக் கூடுதல் எடையின் மையம் முன் அச்சுக்கு 100 மி.மீ. பின்னால் இருந்தால், முன் சக்கரங்கள் தாங்குவது 40 × 2,364 ÷ 2,464, அதாவது 38.4 கி.கி. மீதி 1.6 கி.கி. மட்டுமே பின் சக்கரங்களுக்கு. இப்போது எஞ்சின் நீளமாக இருப்பதால் அதே மையம் முன் அச்சுக்கு 100 மி.மீ. முன்னால் போய்விட்டது என்று கொள்ளுங்கள். முன் சக்கரங்களின் பங்கு 40 × 2,564 ÷ 2,464, அதாவது 41.6 கி.கி. ஏற்றியதோ 40, முன்னால் கூடியதோ 41.6! மிகுதி எங்கிருந்து வந்தது? பின் சக்கரங்களின் பாரத்திலிருந்து 1.6 கி.கி. குறைந்து முன்னுக்கு வந்துவிட்டது. நுகத்தடியைத் தூக்கிப் பார்த்த வண்டிக்காரரின் முன்பாரம் இதுவே.

இந்த 40 கி.கி. முன்பாரத்தால் முன் சுருள்வில்லோ முறுக்குக் கம்பியோ மேலும் வளையும். ஒவ்வொரு முன் சக்கரத்துக்கும் 20 கி.கி. கூடுகிறது. அந்தச் சக்கரத்தின் வில் ஒரு மில்லிமீட்டர் அமுங்க 2 கி.கி. வேண்டும் என்றால், வண்டியின் மூக்கு 10 மி.மீ. இறங்கும். அம்பாசிடரில் முன்புறம் சுருள்வில் இல்லை. நீளவாக்கில் கிடக்கும் முறுக்குக் கம்பி உண்டு. அதன் பின்முனைப் பிடியைச் சற்றுத் திருப்பி வைத்து, இறங்கிய மூக்கைத் தூக்கிவிடலாம். கைதேர்ந்த மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்தார்கள். அது இடைக்கட்டை இல்லாத, நேர்மையான வழி. ஆனால் உயரம் சரியானதே தவிர பாரம் குறையவில்லை. பிரேக்கும், டயரும், கிங் பின்னும் அந்தக் கூடுதல் பாரத்தை எப்போதும் சுமந்தாக வேண்டும்.

பேனட்டுக்கு அடியில் இடம் இல்லாதபோது

எடையைவிட உயரமே முதலில் கண்ணில் படும் தொல்லை. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் எம்.ஜி.பி. என்னும் சிறு பந்தயப் பாணிக் கார். அதன் 1,798 க.செ.மீ. எஞ்சினும் நம் அம்பாசிடர் எஞ்சினும் ஒரே 'பி' வரிசையில் பிறந்த உடன்பிறப்புகள். ஆகவே இந்தக் கதை நமக்கு அயல் கதை அன்று.

1970-ஐ ஒட்டி கென் காஸ்டெல்லோ என்ற பொறியாளர், எம்.ஜி.பி. காரில் ரோவர் நிறுவனத்தின் 3,528 க.செ.மீ. எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்கு. எடையும் இரு மடங்கு இருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? அப்படி இல்லை. பழையது வார்ப்பிரும்பு, ரோவர் எஞ்சினோ முழுக்க அலுமினியக் கலவை. எனவே எடை வேறுபாடு மிகச் சிறியது. எஞ்சினின் பருமனை வைத்து எடையை மதிப்பிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் உயரம்? மேலே அமர்ந்த கார்புரேட்டர்கள் பேனட்டை இடித்தன. காஸ்டெல்லோ பேனட்டில் ஒரு புடைப்பு வைத்துத் தீர்த்தார். 1973-இல் எம்.ஜி. ஆலையே அத்தகைய காரை வெளியிட்டபோது வேறு வழியைக் கண்டது. கார்புரேட்டர்களை எஞ்சினின் பின்பக்கமாகத் தாழ்த்தி வைத்து, எஞ்சின் அறையின் பக்கத் தகடுகளைத் திருத்தியது. பேனட் பழையபடியே மூடியது. இரண்டு வழிகளிலும் எஞ்சின் அல்லது தகடு விட்டுக்கொடுத்தது. சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு அதற்கு விலை கொடுக்கவில்லை. எனக்கு ஆலையின் வழியே பிடித்தது. ஆனால் ஊர்ப் பட்டறைக்குக் கட்டுப்படியாவது காஸ்டெல்லோவின் புடைப்புதான் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. எஞ்சினை உயர்த்தாமல், உடலையே எஞ்சினைவிட்டு மேலே தூக்குவது. இதற்கு வண்டியில் துணைச்சட்டகம் இருக்க வேண்டும். சப்ஃபிரேம் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

துணைச்சட்டகம் பிறந்த கதை

பழங்காலக் கார்களில் லாரியைப் போல நீண்ட சேசிஸ் இருந்தது. அதன்மேல் உடல் அமர்ந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961 முதல் செய்த ஹெரால்டு அத்தகையது. பிறகு தகட்டு உடலே சேசிஸின் வேலையையும் சேர்த்துச் செய்யும் முறை வந்தது. அம்பாசிடர் இந்த இனம். அதில் கழற்றி எடுக்கக்கூடிய துணைச்சட்டகம் இல்லை. இரண்டுக்கும் நடுவழியாக ஒன்று தோன்றியது. எஞ்சினையும் சக்கரத் தாங்கிகளையும் ஒரு சிறு சட்டத்தில் பூட்டி, அந்தச் சட்டத்தைப் போல்ட்டுகளால் உடலின் அடியில் மாட்டுவது.

1959-இல் வெளிவந்த மினி காரில் இதைக் காணலாம். அலெக் இசிகோனிஸ் அதை வடிவமைத்தார். முன்மாதிரி வண்டிகளைக் கடுமையாக ஓட்டிச் சோதித்தபோது, சக்கரத் தாங்கிகள் தகட்டோடு சேரும் இடங்களில் விரிசல் கண்டது. விசையை ஒரே புள்ளியில் தகட்டின்மேல் ஏற்றாமல் பரப்பித் தருவதற்காக முன்னும் பின்னும் துணைச்சட்டகங்கள் வந்தன. இன்னொரு சுவையான செய்தி: முன்மாதிரியில் இருந்த 948 க.செ.மீ. எஞ்சின் அந்தச் சிறு வண்டிக்கு மிகு வேகம் தந்ததால், விற்பனைக்கு வந்தபோது 848 ஆகக் குறைத்தார்கள். பெரிய எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டே சிறியதைத் தேர்ந்தவர்கள் அவர்கள்.

ஆக, துணைச்சட்டகம் என்பது எஞ்சினைத் தூக்கிப்பிடிக்கும் வெறும் தட்டு அன்று. சாலையின் அடியும், பிரேக்கின் இழுப்பும், எஞ்சினின் முறுக்கும் உடலுக்குள் நுழையும் வாசல் அது. அந்த வாசலில்தான் இடைக்கட்டையை வைக்கிறோம்.

இரண்டு செண்டிமீட்டர் செய்யும் வேலை

இடைக்கட்டை எங்கே வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்து அதன் விளைவு முற்றிலும் வேறுபடும். எஞ்சினுக்கும் அதன் மவுண்டிங் ரப்பருக்கும் இடையே வைத்தால் எஞ்சின் மட்டும் உயரும். பேனட் இடிக்கும், ஆனால் ஆயில் சம்ப் ஸ்டீரிங் கம்பிகளில் படாமல் தப்பும். சுருள்வில்லுக்கும் அதன் இருக்கைக்கும் இடையே வைத்தால், எஞ்சினோடு சேர்ந்து வண்டியே உயரும். சக்கரம் உடலிலிருந்து கீழே இறங்கி நிற்கும். துணைச்சட்டகத்துக்கும் உடலுக்கும் இடையே வைத்தால், எஞ்சினும் கியர் பாக்ஸும் தரையிலிருந்து பழைய உயரத்திலேயே இருக்க, உடல் மட்டும் மேலே போகும். பேனட்டுக்கடியில் 20 மி.மீ. இடம் கிடைக்கும். மூன்றையும் ஒன்றாக எண்ணுவது பெரும் பிழை.

துணைச்சட்டகத்து இடைக்கட்டையையே பார்ப்போம். முதலில் அதன் சொந்த எடை. 50 மி.மீ. விட்டமும் 20 மி.மீ. உயரமும் நடுவில் 14 மி.மீ. துளையும் உள்ள வளையம் எஃகில் ஏறத்தாழ 284 கிராம்; அலுமினியத்தில் 98 கிராம். நான்குக்கும் சேர்த்து வேறுபாடு முக்கால் கிலோ கூட இல்லை. எனவே இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டியது கட்டையின் எடையை அன்று, அது இடம் மாற்றுகிற பாரத்தை.

உடல் 20 மி.மீ. உயர்ந்தாலும் எஞ்சினும் சக்கரங்களும் உயரவில்லை. உயர்ந்த பகுதி மொத்த எடையில் அறுபது விழுக்காடு என்றால், வண்டியின் புவியீர்ப்பு மையம் 12 மி.மீ. மேலே போகும். இது ஓரளவு பொறுக்கத்தக்கது. தொல்லை வேறு இடங்களில் உண்டு.

எஞ்சினின் முன்பகுதி துணைச்சட்டகத்தில் அமர்ந்து, கியர் பாக்ஸின் வால் உடலில் மாட்டப்பட்டிருந்தால், உடலோடு சேர்ந்து வால் மட்டும் 20 மி.மீ. உயரும். இரு தாங்கிகளுக்கும் இடையே 800 மி.மீ. என்றால் எஞ்சின் ஏறக்குறைய ஒன்றரை பாகை சாய்ந்துவிடும். பின்சக்கர இயக்க வண்டியில் புரொப்பெல்லர் ஷாப்ட்டின் இரு முனைகளிலும் உள்ள யூ ஜாயின்டுகள் சம கோணத்தில் இருந்தால்தான், ஒன்று உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிசெய்யும். கோணம் மாறினால் ஷாப்ட் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை துடிக்கும். ஓட்டுநர் இதை "அறுபதுக்கு மேல் போனால் தரை உதறுது" என்பார், மெக்கானிக் சக்கரத்தை பேலன்ஸ் செய்து பார்ப்பார், உதறல் நிற்காது.

அடுத்தது ஸ்டீரிங். ஸ்டீரிங் தண்டு உடலோடு இருக்கிறது. பல இன்றைய கார்களில் ஸ்டீரிங் ரேக் துணைச்சட்டகத்தில் இருக்கிறது. உடல் உயர்ந்தால் இரண்டுக்கும் நடுவே உள்ள இணைப்பு 20 மி.மீ. இழுபடும். இணைப்பின் பற்கள் ஒன்றையொன்று கவ்வியிருக்கும் நீளம் குறையும். இதை அளக்காமல் வண்டியை வெளியே விடுவதை என்னால் எண்ணிப்பார்க்கவும் முடியவில்லை.

ரேக் உடலின் தகட்டில் மாட்டப்பட்ட வண்டியில் வேறொரு கேடு. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையும், அதைத் திருப்பும் டை ராடும் சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடுகின்றன. இரண்டின் உள்முனைகளும் ஒத்த உயரத்தில் இருந்தால் இரண்டும் ஒத்த வில்வளைவில் ஆடும். ஒன்றின் உள்முனையை 20 மி.மீ. விலக்கிவிட்டால், சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் டை ராட் அதைத் தானாக இழுக்கும் அல்லது தள்ளும். ஸ்டீரிங்கைப் பிடித்தவர் திருப்பவில்லை; ஆயினும் சக்கரம் திரும்பும்! வேகத்தடையும் பள்ளமும் நிறைந்த நம் சாலைகளில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் போல்ட். 12 மி.மீ. உயர்தர போல்ட்டைச் சரியாக முறுக்கினால் அது ஏறத்தாழ 4 டன் விசையோடு இரு பரப்புகளைக் கவ்வும். அந்தக் கவ்வலின் உராய்வே 600 கி.கி. வரையிலான பக்க இழுப்பைத் தாங்கிவிடும். போல்ட்டுக்கு வளைவே வராது. ஆனால் பெயின்ட் பூசிய பரப்பு, ரப்பர்த் துண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வாஷர்கள் ஆகியவை நாளடைவில் அமுங்கும், கவ்வல் தளரும். உராய்வு போனதும், பிரேக் போடும்போது ஒவ்வொரு போல்ட்டின்மேலும் விழும் 150 கி.கி. அளவு விசை, 2 செ.மீ. கைநீளத்தில் அதை வளைக்கத் தொடங்கும். ஒரு முறை வளைவதால் போல்ட் முறியாது. ஆயிரக்கணக்கான முறை வளைந்த பின் ஒரு நாள் முறியும். இடைக்கட்டை போடுவதானால் திண்மையான ஒரே உலோகத் துண்டாக, இரு முகமும் சமமாகக் கடைந்ததாக, போதிய நீளமுள்ள புதிய போல்ட்டோடு போட வேண்டும் என்பது இதனால்தான்.

ஓர் அங்குலம் கற்பித்த பாடம்

வண்டியை உயர்த்துவதன் விலையை எம்.ஜி.பி. காரே பிறகு அனுபவித்தது. 1974-இல் அமெரிக்கச் சட்டம் பம்பர் இருக்க வேண்டிய உயரத்தை வரையறுத்தது. காரின் முகப்பை மாற்றி வடிவமைக்காமல், வண்டியையே ஏறத்தாழ ஓர் அங்குலம், அதாவது 25 மி.மீ. தூக்கிவிட்டார்கள். செலவைக் குறைப்பதற்காக முன்புற உருளல் தடுப்புக் கம்பியையும் எடுத்துவிட்டார்கள். வளைவுகளில் பிடிப்பும் நிலைப்பும் கொண்ட கார் என்று பெயர் பெற்றிருந்த அது, இப்போது வளைவில் பக்கவாட்டில் சாயத் தொடங்கியது. 550 மி.மீ. உயரத்தில் இருக்கும் புவியீர்ப்பு மையம் 25 மி.மீ. உயர்ந்தால், வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறும் பாரம் நாலரை விழுக்காடு கூடும். எண்ணைப் பார்த்தால் சிறிதுதான். ஆனால் தாங்கும் கைகளின் கோணமும் மாறி, தடுப்புக் கம்பியும் இல்லாமல் போனபோது ஓட்டுநருக்கு அது வேறு வண்டியாகிவிட்டது. 1976-இல் முன்னும் பின்னும் தடுப்புக் கம்பிகளைப் பொருத்தி நிலைமையை ஓரளவு மீட்டார்கள்.

இதே ரோவர் எஞ்சினின் நிழல் நம் சென்னையிலும் விழுந்தது. 1976-இல் வெளிவந்த ரோவர் எஸ்.டி.1 அந்த அலுமினிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினை மனத்தில் கொண்டு வரையப்பட்ட கார். அதன் உடலைப் பெற்று, ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1985-இல் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெயரில் வெளியிட்டது. உள்ளே வைத்ததோ 1,991 க.செ.மீ. நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சின். அதன் வேர் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரில் இருக்கிறது. அதே குடும்பத்து எஞ்சின் அந்நாளைய சாம்பல் நிற பெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. வயலில் உழுத எஞ்சினின் உறவினர் இங்கிலாந்தின் உயர்தரக் காரின் உடலுக்குள் குடியேறினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். நம் சாலைகளுக்காக வண்டியின் தரை இடைவெளியையும் கூட்டினார்கள். கொள்ளளவு பாதியாகக் குறைந்தபோதும் எஞ்சின் எடை அந்த அளவில் குறையவில்லை. உடலின் எடையோ அப்படியே இருந்தது. கார் மந்தமாக ஓடியது. பெட்ரோலை மிகுதியாகக் குடித்தது. 1988-இல் உற்பத்தி நின்றது. அதோடு சென்னையில் ஸ்டாண்டர்டு கார்களின் வரலாறும் முடிந்தது. தோல்விக்கு எஞ்சின் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன்; மாருதி வந்துவிட்ட காலம் அது. எனினும் ஓர் உடலுக்கு எந்த எஞ்சினும் பொருந்தும் என்ற நினைப்புக்குச் சென்னை கொடுத்த விலை அது.

எடைமேடையில் ஒரு சோதனை

இன்று பழைய அம்பாசிடரை வாங்கிப் புதுப்பிக்கும் இளைஞர்கள் நிறைய. பெரிய எஞ்சின் வைக்கும் ஆசையும் அவர்களுக்கு உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எனவே எஞ்சினை இறக்கும் முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ள எண்ணும் வேறுபட்டால், விபத்து நேரத்தில் காப்பீட்டுக்கு அல்லல்பட வேண்டியிருக்கும்.

அனுமதி உள்ள மாற்றமாகவே இருந்தாலும் முன்பாரத்தை அளந்து பாருங்கள். நெல் வணிகம் நடக்கும் ஊர்களில் லாரி எடைமேடைக்குப் பஞ்சமில்லை. எஞ்சினை மாற்றும் முன் முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஓர் எடை குறித்துக்கொள்ளுங்கள். மேடையும் வெளித்தரையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் டாங்கியின் அளவு இரண்டு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். முன்னால் 640, பின்னால் 540 என்று வந்ததாகக் கொள்வோம். பின் எடையை மொத்தத்தால் வகுத்து அச்சுத் தூரத்தால் பெருக்குங்கள்: 540 ÷ 1,180 × 2,464. விடை 1,128 மி.மீ. முன் அச்சிலிருந்து அவ்வளவு தூரத்தில் வண்டியின் புவியீர்ப்பு மையம் உள்ளது. முன்னே சொன்ன 40 கி.கி. எஞ்சின் ஏறிய பின் அதே கணக்கு 1,094 மி.மீ. தரும். மையம் 34 மி.மீ. முன்னுக்கு நகர்ந்துவிட்டது. லாரி மேடைகள் பெரும்பாலும் பத்துப் பத்துக் கிலோவாகவே காட்டும். ஆகவே இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கிச் சராசரி எடுப்பது நல்லது.

இடைக்கட்டையின் விளைவை எந்த எடைமேடையும் காட்டாது. அதற்கு ஒரு டேப் போதும். சமதரையில் வண்டியை நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் சக்கர மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை உள்ள உயரத்தை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, முன் சுருள்வில்லைக் கழற்றச் சொல்லி, ஸ்டீரிங்கை நேராகப் பூட்டிவிட்டு, முன்சக்கரத்தை மெதுவாக மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பினால், அந்த இடைக்கட்டையைக் கழற்றிவிட்டு வேறு வழி காணுமாறு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பேனட்டில் ஒரு புடைப்பு வைக்கத் தகட்டு வேலைக்காரர் கேட்கும் கூலி, ஒரு ஜோடி முன் டயரின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.